முதல் சீட்டிலேயே சொல்ல வேண்டியது: வலிப்பு மருந்தும் வயிற்றுப் பிள்ளையும்



நான் நரம்பியல் மருத்துவன். வலிப்பு நோயைப் பற்றி எத்தனையோ பேசலாம். இன்று ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொள்கிறேன்: சோடியம் வால்புரோயேட். நம் ஊர் மருந்துக் கடைகளில் வால்பாரின், என்கோரேட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் வீட்டிலேயே யாராவது இதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசுவதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம். அது உயிரையே எடுத்துவிடக்கூடும். கர்ப்பிணியாக இருந்தால் இரண்டு உயிர். மருந்தை மாற்றுவதென்றால் மருத்துவரோடு உட்கார்ந்து பேசி, வாரக் கணக்கில், படிப்படியாகத்தான் மாற்ற வேண்டும்.

இந்த மருந்தின் பிறப்பே விசித்திரமானது. 1882இல் அமெரிக்க வேதியியலாளர் பெவர்லி பர்ட்டன் வால்புரோயிக் அமிலத்தை உருவாக்கினார். அதன்பின் எண்பது ஆண்டுகள் அது ஆய்வகங்களில் வெறும் கரைப்பானாகவே இருந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் பியர் எமார் என்ற ஆய்வு மாணவர் சில புதிய சேர்மங்களை இந்தத் திரவத்தில் கரைத்துச் சோதித்தார். எதைக் கரைத்துக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு வராமல் நின்றது. கடைசியில்தான் புரிந்தது, வேலை செய்தது சேர்மங்கள் அல்ல, அவற்றைக் கரைத்த திரவம் என்று. 1967இல் பிரான்ஸில் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1978இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு இருதுருவ மனநோய்க்கும், அதாவது பைபோலார் என்று நாம் சொல்லும் நோய்க்கும், ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் அதையே எழுதத் தொடங்கினார்கள்.

நல்ல மருந்துதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வகை வலிப்புகளை ஒரே மருந்து அடக்குகிறது, விலையும் கட்டுப்படியாகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளை இது எழுப்பி நடக்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இதை எழுதும்போதுதான் கணக்கு மாறுகிறது.

1982இல் பிரான்ஸின் லியோன் நகரில், பிறவிக் குறைபாடுகளைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் பணியாற்றிய எலிசபெத் ராபர்ட் ஒன்றைக் கவனித்தார். தண்டுவடம் மூடாமல் பிறந்த குழந்தைகளின் தாய்மாரில் வால்புரோயேட் சாப்பிட்டவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தார்கள். கருவுற்ற தொடக்கத்தில் இந்த மருந்தைச் சாப்பிடும் தாய்மாரில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பேரின் குழந்தைக்கு இந்தக் குறை வரலாம் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 1984இல் இந்தக் குழந்தைகளுக்கே உரிய முக அமைப்பையும் குறைபாடுகளையும் விவரித்து, அதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள்.

இன்று நம்மிடம் இன்னும் தெளிவான எண்கள் இருக்கின்றன. சாதாரணமாகப் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பெரிய உடற்குறை இருக்கும். 42 நாடுகளின் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த யூராப் பதிவேடு 2018இல் வெளியிட்ட முடிவுகளில், தாய் வால்புரோயேட் மட்டும் சாப்பிட்டிருந்தால் அது நூற்றுக்குப் பத்து. லாமோட்ரிஜின், லெவடிராசிட்டாம் என்ற வேறு வலிப்பு மருந்துகளைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்றுக்கும் சற்றுக் குறைவு. அதாவது பொதுநிலைக்கு மிக அருகில். அளவும் முக்கியம். வால்புரோயேட் நாளுக்கு 650 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆறு சதவீதம். 1450க்கு மேல் போனால் நான்கில் ஒரு குழந்தை. தண்டுவடம், இருதயம், உதடு, அண்ணம், சிறுநீர்ப் பாதை என்று எங்கு வேண்டுமானாலும் குறை வரலாம்.

உடற்குறையை ஸ்கேனில் பார்த்துவிடலாம், பலவற்றை அறுவை செய்து சரிசெய்யலாம். எந்த ஸ்கேனிலும் தெரியாதது ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலுமாக 25 மையங்களில், கிம்ஃபோர்டு மீடர் தலைமையில் ஒரு நீண்ட ஆய்வு நடந்தது. 1999 முதல் 2004 வரை வலிப்பு மருந்து சாப்பிட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய பிள்ளைகளை வருடக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். மூன்று வயதில் வால்புரோயேட் பிள்ளைகளின் சராசரி அறிவுத்திறன் எண், லாமோட்ரிஜின் பிள்ளைகளைவிட ஒன்பது புள்ளி குறைவு. வளர்ந்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைத்தார்கள். ஆறு வயதில் மறுபடி பார்த்தபோதும் மற்ற மருந்துகளைவிட ஏழு முதல் பத்து புள்ளி குறைவாகவே இருந்தது. பேச்சும் நினைவாற்றலும்தான் அதிகம் அடிவாங்கியிருந்தன. அளவு கூடக் கூட இழப்பும் கூடியது.

பத்துப் புள்ளி என்றால் என்ன? வகுப்பில் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டிய பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது. தாமதமாக நடக்கிறது, தாமதமாகப் பேசுகிறது, கணக்கு ஏறவில்லை. இவன் சோம்பேறி என்று வாத்தியார் சொல்கிறார், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்று மாமியார் சொல்கிறார். டென்மார்க்கில் 1996 முதல் 2006 வரை பிறந்த ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, 2013இல் யாகோப் கிறிஸ்டென்சன் குழுவினர் வெளியிட்ட கட்டுரை ஆட்டிசத்தையும் இதோடு சேர்த்தது. ஆட்டிச வகைக் குறைபாடு பொதுவாக ஒன்றரை சதவீதக் குழந்தைகளுக்கு வந்தது. வயிற்றில் வால்புரோயேட் பட்டவர்களில் 4.4 சதவீதம். எல்லா வகை வளர்ச்சிச் சிக்கல்களையும் கூட்டினால் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம் என்பதே ஐரோப்பிய மருந்து முகமையின் மதிப்பீடு. அறுபதோ எழுபதோ பேர் நன்றாகவே வளர்கிறார்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே இந்த மருந்தோடு பிள்ளை பெற்ற தாய் யாராவது இங்கிருந்தால், அவருடைய பிள்ளை அந்தப் பெரும்பான்மையில் ஒருவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இது எப்படி நடக்கிறது? எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதைச் சில நொதிகள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் ஒரு வகையை வால்புரோயேட் தடுக்கிறது என்று 2001இல் தெரியவந்தது. வளர்ந்தவரின் மூளையில் இதனால் பெரிய கேடில்லை. நாளுக்கு நாள் உருமாறிக்கொண்டிருக்கும் கருவில், விழிக்கக் கூடாத மரபணு விழித்துக்கொள்கிறது. இதோடு ஃபோலேட் சத்தின் வேலையிலும் இந்த மருந்து குறுக்கிடுகிறது.

செவிலியர் மாணவியர் குறித்துக்கொள்ள வேண்டிய கணக்கு ஒன்று. கருவின் தண்டுவடக் குழல் கருத்தரித்த 28ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போய், பத்து நாள் பொறுத்துப் பார்த்து, கடையில் பரிசோதனை அட்டை வாங்கி, மாமியாரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்குவதற்குள் அந்த 28 நாள் முடிந்திருக்கும். நம் மாநிலத்தில் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யச் சொல்கிறோம். அது நல்ல ஏற்பாடு, பல தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது பிந்திய ஏற்பாடு. ஃபோலேட் சத்துக்காகத் தரும் போலிக் அமில மாத்திரையும் அப்படித்தான். கருவுறுவதற்கு முன்பே தொடங்கினால்தான் பயன். மீடரின் ஆய்வில் கருத்தரிக்கும் காலத்திலேயே போலிக் அமிலம் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் ஆறு வயதில் அறிவுத்திறனில் மேலாக இருந்தார்கள். அதற்காக வால்புரோயேட்டின் தீங்கை போலிக் அமிலம் துடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

1982இலேயே தெரிந்தது பெண்களின் காதுக்கு எப்போது போனது? பிரிட்டனில் இந்த மருந்துக்கு அனுமதி தந்த 1970களிலேயே, கருவுக்கு ஆபத்து இருக்கலாம் என்ற ஐயம் அதிகாரிகளுக்கு இருந்தது. எச்சரிக்கையை மருத்துவர்களுக்குச் சொன்னால் போதும், நோயாளியின் கையில் போகும் தாளில் வேண்டாம், வீணாகப் பயப்படுவார்கள் என்று முடிவெடுத்தார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட தாய்மார் ஆவணக் காப்பகத்தில் தேடிய பிறகே இது வெளிவந்தது. ஜேனட் வில்லியம்ஸ், எம்மா மர்ஃபி என்ற இரு தாய்மார் 2012இல் தொடங்கிய இயக்கத்தால்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதைப் பேசியது. எம்மா மர்ஃபிக்கு ஐந்து பிள்ளைகள், ஐவரும் பாதிக்கப்பட்டவர்கள். முதல் பிள்ளை பிறந்தபோதே ஒருவர் சொல்லியிருந்தால்? 2020இல் ஜூலியா கம்பர்லெஜ் தலைமையிலான விசாரணை, தாய்மார் சொன்னதை மருத்துவ உலகம் காதில் வாங்கவே இல்லை என்று வெளிப்படையாக எழுதியது. பிரான்ஸில் மரின் மார்த்தென் என்ற தாய் 2011இல் சங்கம் தொடங்கினார். 2016இல் அரசின் ஆய்வுக்குழு, மருந்து நிறுவனமும் கட்டுப்பாட்டு அமைப்பும் உரிய நேரத்தில் எச்சரிக்கவில்லை என்றது. 1967 முதல் அந்த ஒரு நாட்டில் மட்டும் 16,600 முதல் 30,400 குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைபாடு வந்திருக்கலாம் என்பது அரசு அமைப்புகளே போட்ட கணக்கு.

2018இல் ஐரோப்பா முழுவதும் விதி வந்தது. கர்ப்பத் தடுப்புக்கு உறுதியான ஏற்பாடு இல்லாமல் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்புரோயேட் கிடையாது. ஆண்டுதோறும் நிபுணரும் நோயாளியும் சேர்ந்து படிவத்தில் கையெழுத்திட வேண்டும். பெட்டியின் மேலேயே எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். மனநோய்க்காகவோ தலைவலிக்காகவோ கர்ப்பிணிக்கு இதைக் கொடுக்கவே கூடாது. வலிப்புக்கு, வேறு மருந்தே பொருந்தாதபோது மட்டும். அதன் பிறகும் ஓட்டை இருந்தது. பிரிட்டிஷ் மருந்தகங்கள் பெட்டியைப் பிரித்து வெள்ளைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவந்தன. எச்சரிக்கைப் படம் பழைய பெட்டியோடு குப்பைக்குப் போனது. 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் சட்டத்தைத் திருத்தி, முழுப் பெட்டியாகத்தான் தர வேண்டும் என்றார்கள்.

இதைப் படித்தபோது நம் ஊர் மருந்துக் கடையின் கத்தரிக்கோல்தான் என் கண்முன் வந்தது. பத்து மாத்திரை அட்டையில் ஆறு வேண்டும் என்றால் கடைக்காரத் தம்பி சரக்கென்று வெட்டி, பிரவுன் கவரில் போட்டு, மேலே காலை 1, இரவு 1 என்று பேனாவால் எழுதித் தருகிறார். மருந்தின் பெயர்கூட வெட்டிய பக்கத்தில் பாதிதான் இருக்கும். எச்சரிக்கைத் தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது. நோயாளிக்கு அது ஃபிட்ஸ் மாத்திரை. மனநோய்க்குச் சாப்பிடுபவருக்கு தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. மாத வருமானத்தில் வாரத்துக்கு வாரம் மருந்து வாங்குபவர்களுக்கு அவர் செய்வது உதவிதான். ஆனால் நம் பெண்களுக்குத் தாள் மூலம் தகவல் போய்ச் சேராது. ஆகவே வாய் மூலம் போயாக வேண்டும், அதுவும் மருந்துச் சீட்டை எழுதுகிறவரின் வாய் மூலம்.

அங்கேதான் நம் சமூகத்தின் பெரிய முட்டுக்கட்டை நிற்கிறது. வலிப்பு இருப்பதே வெளியில் தெரியக் கூடாது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தார். கைப்பையிலிருந்து சத்து மாத்திரைக் குப்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்தவை வால்புரோயேட். “மாப்பிள்ளை வீட்ல சொல்லலை டாக்டர். அங்க போய் இதையே சாப்பிடட்டும், வைட்டமின்னு சொல்லிக்கலாம். யாராவது கேட்டா ஒரு மாசம் நிறுத்திக்கலாமா?” பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. குப்பியின் மூடியைத் திருகித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அந்தக் குப்பிக்குள் இரண்டு ஆபத்தும் ஒன்றாக இருந்தன. தொடர்ந்தால் குழந்தைக்கு, நிறுத்தினால் அவளுக்கு.

தாயைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. சட்டமே அவரை அப்படிப் பழக்கியிருந்தது. அடிக்கடி வலிப்பு வருபவர் மணம் முடிக்கத் தகுதியற்றவர் என்ற பொருள்பட இந்து திருமணச் சட்டத்தில் இருந்த பகுதி 1999இல்தான் நீக்கப்பட்டது. இன்று வலிப்பு நோய் திருமணத்துக்குச் சட்டத் தடையே இல்லை. இதை நூறு பேரிடம் சொன்னால் தொண்ணூறு பேருக்குப் புதிய செய்தி. பொண்ணுக்கு வலிப்பு இருக்கு, மாத்திரை சாப்பிட்டா வராது, பிள்ளை பெறுவதற்கு முன் டாக்டரைப் பார்க்கணும் என்று நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்ட குடும்பங்களில், மாப்பிள்ளையே மருந்துச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வருவதையும் பார்க்கிறேன்.

மருத்துவர்களுக்கு இருக்கும் உண்மையான சங்கடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பதினான்கு வயதுப் பெண். காலையில் பல் துலக்கும்போது கை வெட்டி இழுத்து பிரஷ் எகிறி விழும். காபி டம்ளர் தெறிக்கும். கவனம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் திட்டுவார்கள். பரீட்சைக்காக இரவு கண்விழித்த மறுநாள் காலை பெரிய வலிப்பு வரும். இளவயதில் தொடங்கும் இந்தத் தசைத்துடிப்பு வலிப்புக்கு வால்புரோயேட் போல் வேலை செய்யும் மருந்து இல்லை. கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்து இதை மோசமாக்கும். லாமோட்ரிஜின் சிலருக்குத் துடிப்பைக் கூட்டும். லெவடிராசிட்டாம் நன்றாகக் கேட்கும், ஆனால் சிலருக்கு எரிச்சலும் மனச்சோர்வும் தரும். சுலபமான விடை இல்லை. இருந்தாலும் வயதுக்கு வந்த பெண்ணுக்கு வால்புரோயேட்டை முதல் மருந்தாக எழுதக் கூடாது, மற்றவற்றைப் பார்த்த பிறகே, முடிந்தவரை குறைந்த அளவில் என்பது என் உறுதியான கருத்து. எழுதத்தான் வேண்டும் என்றால், அன்றே, அந்தப் பெண்ணிடமும் தாயிடமும் காரணத்தைச் சொல்லி, சீட்டிலும் எழுதித் தர வேண்டும்: குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போது, கருவுறுவதற்கு முன், வந்து பாருங்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூசினால், இருபத்து நான்கு வயதில் அவள் வரும்போது நாள் கடந்திருக்கும்.

மனநல மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வலிப்புக்கு வேறு வழியில்லாத நேரம் உண்டு. மனநிலையைச் சமன்படுத்த வேறு வழிகள் உண்டு. லித்தியத்தைப் பற்றி ஒரு காலத்தில் பெரிய பயம் இருந்தது. 2017இல் வந்த அமெரிக்க ஆய்வில், முதல் மூன்று மாதம் லித்தியம் சாப்பிட்டவர்களின் குழந்தைகளில் இருதயக் குறை 2.4 சதவீதம், சாப்பிடாதவர்களில் 1.15. ஆபத்து இருக்கிறது, அளவைப் பொறுத்துக் கூடுகிறது; ஆனால் பழைய பயத்தின் அளவுக்கு இல்லை. மருந்தே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் வழியல்ல. பைபோலார் நோயுள்ள பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. மருந்தில்லாமல் நோய் திரும்பினால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. மனச்சோர்வு மருந்துகளுக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருப்பதாக வந்த செய்திகளைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு பெரும்பாலும் மறைந்துபோகிறது. எல்லா மாத்திரையும் வால்புரோயேட் அல்ல.

வெளிநாட்டுக் கணக்குகளையே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998இல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கிய கேரள வலிப்பு–கர்ப்பப் பதிவேடு, உலகம் மதிக்கும் ஒன்று. நம் குமரி, நெல்லை மாவட்டத்துக்காரர்கள் அந்த நிறுவனத்துக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்கள்தானே. வலிப்புள்ள பெண்களில் பெரும்பாலோருக்கு ஆரோக்கியமான குழந்தை பிறக்கிறது என்பதையும், வால்புரோயேட்டும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளும் ஆபத்தைக் கூட்டுகின்றன என்பதையும் நம் பக்கத்துப் பெண்களின் கணக்கிலிருந்தே அவர்கள் காட்டினார்கள்.

மருந்தை மாற்றிய பிறகும் வேலை முடிவதில்லை. லாமோட்ரிஜின் சாப்பிடும் பெண் கருவுற்றால், மாதம் ஏற ஏற உடல் அந்த மருந்தை வேகமாக வெளியேற்றும். ரத்தத்தில் அளவு பாதியாகக்கூட இறங்கும். அளவைக் கூட்டாவிட்டால் வலிப்பு வரும். பிரசவமானதும் அது தலைகீழாகும்; கூட்டிய அளவை நாட்களுக்குள் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைச்சுற்றலும் தள்ளாட்டமும். இதை மகப்பேறு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் தொலைபேசியிலாவது பேசிக்கொள்ளாமல் செய்ய முடியாது. இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்க எழும் தாய்க்குத் தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்பதால், ஒரு வேளைப் பாலை வீட்டில் வேறொருவர் புகட்ட வேண்டும். தாய்ப்பால் கூடாது என்று பலர் தாமாகவே முடிவெடுத்துவிடுகிறார்கள். மீடரின் ஆய்வில் வலிப்பு மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுத்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு எந்தக் கேடும் தெரியவில்லை. ஆறு வயதில் அறிவுத்திறன் சற்றுக் கூடுதலாகவே இருந்தது.

கடைசியாக, குழந்தை மருத்துவர்களுக்கும், மாவட்டந்தோறும் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையங்களில் பணியாற்றுபவர்களுக்கும். பேச்சு வராத மூன்று வயதுப் பிள்ளையோடு தாய் வரும்போது, பிரசவம் சுகப்பிரசவமா, பிறந்ததும் அழுததா, சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்கிறோம். வயிற்றில் இருக்கும்போது என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. கணவரையும் மாமியாரையும் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால், பேச்சுப் பயிற்சியை அன்றே தொடங்குங்கள். அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணம் இருக்கிறதா என்றும் கேட்டு, அவரை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். மருந்தை மாற்ற அப்போது நேரம் இருக்கிறது.